பதினெட்டாவது கையெழுத்து: டெல்டா மருத்துவமனை ஒன்றில் சங்கம் சேர்ந்த விதம்

மேனேஜர் அறையில், ஏ.சி.க்கு நேர் கீழே ஓர் இரும்பு பீரோ இருந்தது. மேல் தட்டில் பழைய பில் புத்தகங்கள். நடுத்தட்டில் வரிசையாக பிளாஸ்டிக் கவர்கள், ஒவ்வொன்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ஒரு பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்று நாங்கள் கொடுத்த ஒரிஜினல்கள் அவை: பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிப்ளமா, நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று. என் கவர் எட்டு வருடம் அங்கே இருந்தது. லீவு கேட்க உள்ளே போகும்போதெல்லாம் கண் முதலில் பீரோவுக்குத்தான் போகும்.

2022 ஐப்பசி தொடங்கி 2023 ஆவணி வரை அந்த மருத்துவமனையில் சங்கம் வைப்பதா வேண்டாமா என்று நாங்கள் தவித்த கதையை இங்கே எழுதுகிறேன். மருத்துவமனை பெயர், ஊர் பெயர், ஆட்கள் பெயர் எதுவும் வராது. அதே கேள்வியோடு இன்றைக்கு வேறு ஊர்களில் ஸ்டாஃப் நர்ஸ்கள் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அவர்களிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுதாகச் சொல்லவே இது.

தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ரயில் நிற்கும் ஊர். காவிரியின் கிளையாறு ஒன்று ஊரை ஒட்டிப் போகிறது. டாக்டர் குடும்பம் நடத்தும் 120 படுக்கை மருத்துவமனை. மொத்தம் 140 பேர் வேலை செய்தோம். அதில் டி.ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா), ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு), பி.எஸ்சி. நர்சிங் படித்துக் கவுன்சிலில் பதிந்தவர்கள் 38 பேர். அங்கேயே ஒரு வருடம் பழகி வெள்ளை கோட் போட்டவர்கள் 31 பேர், இவர்களைப் பயிற்சிப் பெண்கள் என்போம். நோயாளிக்கு எல்லோரும் ‘சிஸ்டர்’தான். ஆயாம்மா, வார்டு பாய், துப்புரவு வேலை எல்லாம் சேர்த்து 40 பேர். மீதிப் பேர் லேப், மருந்துக் கடை, பில்லிங், டிரைவர்கள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

அந்த இரவு

ஐப்பசியில் டெல்டாவில் மழையும் காய்ச்சலும் ஒன்றாக வரும். ஆண்கள் வார்டில் 24 பேர் படுத்திருந்தார்கள், வராண்டாவில் இரண்டு கூடுதல் கட்டில். நைட் டூட்டிக்கு ஒரு பதிவு நர்ஸ், ஒரு உள்ளூர்ப் பயிற்சிப் பெண். அந்த நர்ஸுக்கு அது டபுள் டூட்டி. காலை எட்டு மணிக்கு வந்தவள், மாற்று ஆள் வராததால் இரவும் தொடர்ந்தாள்.

12-ஆம் கட்டிலிலும் 15-ஆம் கட்டிலிலும் ஒரே பெயர். இரவு பத்து மணி ஆன்டிபயாடிக் ஊசியை அந்தப் பயிற்சிப் பெண் 12-க்குப் பதிலாக 15-க்குப் போட்டுவிட்டாள். அவருக்கு டெஸ்ட் டோஸ் (மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முதலில் போடும் சிறு ஊசி) போடவில்லை. பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு வாங்கல். பதிவு நர்ஸ் எதிர் வார்டிலிருந்து ஓடி வந்து டிரிப்ஸை ஏற்றி, டூட்டி டாக்டரை எழுப்பி, ஊசி போட்டு, விடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவர் நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் இருவருக்கும் 15 நாள் சம்பளம் பிடித்தார்கள். ‘என் கவனக்குறைவால் நடந்தது’ என்று இருவரையும் எழுதித் தரச் சொன்னார்கள். இருபத்தொரு வயதுப் பெண் அழுதுகொண்டே எழுதினாள். நர்ஸ் எழுத மறுத்தாள். அப்போது மேனேஜர் எழுந்து பீரோவின் கைப்பிடியில் கை வைத்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எழுதிக் கொடுத்தாள்.

இருபத்து நான்கு மணி நேரம் நின்ற ஒருத்தியை 26 பேருக்குப் பொறுப்பாக விட்டது யாருடைய கவனக்குறைவு என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும் வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை.

முதல் கூட்டம் ஏன் தோற்றது

கார்த்திகையில் ஊரில் இருந்த ஒரு தொழிற்சங்கத் தோழரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர், முப்பது வருடம் போக்குவரத்துத் தொழிலாளர்களோடு நின்றவர். தயாராகவும் வந்தார். திருச்சூரில் 2011-இல் நர்ஸ்கள் சங்கம் கட்டியது, அடுத்தடுத்த வருடங்களில் கேரளம் முழுக்கப் போராடியது, 2018-இல் அந்த அரசு தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது, எல்லாம் சொன்னார். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழுவின் பரிந்துரையையும் படித்தார். 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை 25 சதவீதம், 50-க்கும் கீழே என்றாலும் 20,000-க்குக் குறையக் கூடாது.

எங்களில் அஞ்சு வருட டி.ஜி.என்.எம். வாங்கியது 11,500. கேட்கக் கேட்க நெஞ்சு பொங்கியது. நானே எழுந்து நின்று பத்து நிமிஷம் பேசினேன். ஆனால் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பயிற்சிப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. பிறகுதான் விளங்கியது. அந்தப் பரிந்துரை ‘நர்ஸ்’ என்று சொல்வது கவுன்சிலில் பதிந்தவரை. அந்த 31 பேர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. சங்கம் வந்தால் லேபர் ஆபீசர் வருவார், ரிஜிஸ்டரைப் பார்ப்பார், ‘இந்தப் பொண்ணு என்ன படிச்சிருக்கு’ என்று கேட்பார், மறுநாள் வேலை இருக்காது. 6,500 ரூபாய் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைக்கும் பெண்ணுக்கு எங்கள் கூட்டம் ஆபத்தாகத்தான் பட்டிருக்கும். அவர்களை வைத்து மருத்துவமனை எங்கள் சம்பளத்தை அமுக்குகிறது என்பது உண்மை. எங்களில் சிலர் அதை அந்தக் கூட்டத்திலேயே சத்தமாகச் சொன்னதும் உண்மை. அந்த இரவில் வார்டில் நின்ற இருவரில் ஒருத்தி அவர்களுடைய ஆள் என்பதை நாங்கள் ஒரே மாதத்தில் மறந்துவிட்டோம்.

பதிவு நர்ஸ்களும் முழுமனதாக வரவில்லை. அதற்கு வேறு காரணம். எல்லோருக்கும் ‘நான் இஞ்ச ரொம்ப நாள் இருக்க மாட்டேன்’ என்ற நினைப்பு. எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு, சவுதி, கோயம்புத்தூர், கல்யாணம், ஏதோ ஒன்று வந்துவிடும் என்று காத்திருப்போம். போகப்போகிற இடத்தில் எதற்குச் சங்கம்? நான் எட்டு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அரசு வேலைக்குப் போனவர்கள் கதையும் நம்பிக்கை தரவில்லை. எம்.ஆர்.பி. வழியாக 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் சேர்ந்த என் கல்லூரித் தோழிகள் 2017 நவம்பரில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியவர்கள். ‘கவர்மென்ட்லயே இந்தக் கதின்னா, பிரைவேட்ல யாரு கேப்பா?’ என்றாள் ஒருத்தி. அதற்கு அன்று எங்களிடம் பதில் இல்லை.

நோயாளியை விட்டுவிட்டுப் போராடுவதா என்ற கேள்வியும் வந்தது. அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. வேலைநிறுத்தம் கிடையாது என்று முதல் நாளே நோட்டில் எழுதினோம். வெளியில் இருப்பவர்கள் இதைத்தான் பெரிய கேள்வியாக நினைக்கிறார்கள். எங்களுக்கு அது ஐந்து நிமிஷத்தில் முடிந்த விஷயம்.

அப்பாக்களுக்குப் போன போன்

அப்படியும் மார்கழி முடிவதற்குள் 11 பதிவு நர்ஸ்கள் ஒரு 80 பக்க நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய நான் போடவில்லை. ‘கவுன்சில் ரினியூவல் வருது, ஒரிஜினல் வேணும், அதுக்கப்பறம் போடறேன்’ என்றேன்.

தை பிறந்த இரண்டாம் வாரம் மருத்துவமனையிலிருந்து போன் போனது. எங்களுக்கு இல்லை, எங்கள் அப்பாக்களுக்கு. மிரட்டல் மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லை. ‘ஒங்க பொண்ணு நல்ல பொண்ணு. தேவையில்லாத சேர்க்கையில மாட்டிக்கிச்சு. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்ல?’ அவ்வளவுதான். இரண்டு நாளில் ஏழு பேர் பெயரை அடித்தார்கள். நான்கு பேர் மிஞ்சினார்கள்.

இதில் ஓர் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமம். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பிறந்ததிலிருந்து இருக்கும் குடும்பம். அவர் வீட்டு வாசலில் கொடி உண்டு. அவரைச் சம்மதிக்கவைப்பது சுலபம் என்று நினைத்துத்தான் போனோம். மோர் கொடுத்தார். நாங்கள் பேசி முடிக்கும்வரை கேட்டார்.

“ஏம்மா, எங்கப்பாரு காலத்துல பண்ணையாருங்க குடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் நின்னது சங்கத்தாலதான். நான் மறுக்கலை. கூலி அரைப்படி கூடக் கேட்டதுக்குத்தான் வெண்மணில 44 உசிரு போச்சு. அதையும் நான்தான் சொல்லி வளத்தேன். நான் நின்னா என் ஒடம்பு. இவ நின்னா இவ வாழ்க்கைல்ல?”

வெண்மணியில் அந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த 1968 டிசம்பர் 25 இரவைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சங்கம் என்றால் என்ன என்று தெரியாமல் பயப்படுகிறவர்களுக்கு விளக்கலாம். அதன் விலை வரைக்கும் தெரிந்து பயப்படுகிறவரிடம் நாங்கள் என்ன சொல்வது? அவர் மகளின் பெயர் அடிக்கப்பட்ட ஏழில் ஒன்று. அவரை நான் இன்றுவரை குறை சொல்லவில்லை. குறை எங்களுடையது. மருத்துவமனை அப்பாக்களிடம் பேசுவதற்கு முன் நாங்கள் பேசியிருக்க வேண்டும். டெல்டாவில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் முடிவு அவள் ஒருத்தியுடையதாக இருப்பதில்லை. அது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கூட்டத்தைக் கூட்டுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திண்ணையில் நடந்தது

மாசி கடைசியில், ஆண்கள் வார்டு ஆயாம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். பதினேழு வருடம் அங்கே வேலை பார்த்தவர். சம்பளம் 5,800.

“நோட்டுல எங்க பேர எழுத மாட்டீங்களாம்மா? இல்ல, அது நர்சம்மாக்களுக்கு மட்டுமா?”

நாங்கள் அவர்களைக் கேட்கவே இல்லை. தோன்றவும் இல்லை. அவர்களிடம் பீரோவில் வைக்க ஒரு சான்றிதழும் கிடையாது என்பதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் கூடினோம். சம்பா அறுத்துத் தெரு முழுக்க வைக்கோல் காய்ந்தது. 12 பேர் வந்திருந்தார்கள்: ஆயாம்மாக்கள், ஒரு வார்டு பாய், துப்புரவு வேலை செய்யும் இருவர். தோழர் இந்த முறை காகிதம் எதுவும் எடுத்து வரவில்லை. ‘என்ன வேணும், நீங்க சொல்லுங்க’ என்றார். சம்பளத்தைப் பற்றி முதலில் யாரும் பேசவில்லை. இரவு எட்டு மணிக்கு டூட்டி முடிந்தால் கடைசி பஸ் போய்விடுகிறது, ஏழே முக்காலுக்கு விட வேண்டும். ஊசி குத்திக்கொண்டால் ரத்தப் பரிசோதனைக்கு எங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், கார்டு தரவில்லை. டபுள் டூட்டிக்கு ஒரு சாப்பாடும் 150 ரூபாயும் தருகிறார்கள், முழு நாள் சம்பளம் வேண்டும்.

அந்தக் கேட்பில் ஒன்றுகூட நர்ஸுக்குத் தேவைப்படாதது இல்லை. பயிற்சிப் பெண்களுக்கும்தான். எங்களுடைய ஒன்றை மட்டும் சேர்த்தோம்: ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும்.

12 பேரும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள், நால்வர் கைநாட்டு. மிஞ்சியிருந்த நான்கு நர்ஸ்களோடு 16. பதினேழாவது, அந்த இரவில் ஊசி மாற்றிப் போட்ட பெண். வேலை போய்விடாதா என்று நான் கேட்டதற்கு, ‘லெட்டர்தான் எழுதிக் குடுத்துட்டேனே அக்கா, இனிமே என்ன?’ என்றாள். அதற்குப் பிறகு போட்டேன் நான். பதினெட்டாவது.

இந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. அன்றைக்கு இருந்த 1926-ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டப்படி, 2001 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு சங்கம் பதிவாக வேண்டும் என்றால் அங்கே வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஏழுக்குக் குறையக் கூடாது. எங்களுக்கு 14 போதும். அதாவது நான் கையெழுத்துப் போட்டபோது அபாயமான கட்டம் தாண்டியாயிற்று. அதைத் தாண்டவைத்தவர்கள் அந்த மருத்துவமனையிலேயே குறைந்த சம்பளம் வாங்கியவர்கள். இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

சட்டம் எந்த இடத்தில் உதவியது

தொழில் தகராறு சட்டம் சொல்லும் ‘தொழில்’ என்ற சொல்லுக்குள் மருத்துவமனை வருமா என்று நிர்வாகத்தின் வக்கீல் கேட்டார். பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் 1978-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அதற்கு விடை சொல்லிவிட்டது, வரும். அந்த வாதம் அதோடு நின்றது.

எங்களுக்கு உண்மையில் கை கொடுத்தது 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் இரண்டு இடங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு எடுப்பதாக மிரட்டுவது முறையற்ற செயல், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. இரண்டாவது, சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அந்தத் தகராறு சம்பந்தமாக யாரையும் அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியே அனுப்ப முடியாது. அதனால் சங்கம் பதிவாகும்வரை காத்திருக்காமல், சித்திரையிலேயே தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் மனு கொடுத்தோம். தோழரின் முப்பது வருட அனுபவம் பேசிய இடம் அது. மனுவில் எங்கள் 18 பெயரும் இருந்தன. ஒளித்துவைத்திருந்தவரை ஒவ்வொரு பெயரும் தனித்தனியாகப் பயந்தது. மனுவில் ஏறிய பிறகு அந்தப் பெயர்களுக்கே பாதுகாப்பு.

இரண்டாவது அமர்விலேயே ஒரிஜினல் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது. சான்றிதழைப் பிடித்துவைப்பதை எந்தச் சட்டத்தின் கீழ் செய்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். வக்கீல் மேனேஜரைப் பார்த்தார்.

2023 ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் வந்த வாரத்தில் கவர்களைத் தந்தார்கள். சங்கத்தில் சேர்ந்தவர், சேராதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும். மேனேஜர் பெயர் படிக்க, வரிசையில் போய் வாங்கினோம். பயிற்சிப் பெண்களின் கவர்களில் பத்தாவது மார்க் ஷீட் ஒன்றுதான் இருந்தது, சிலதை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அப்பா சொல்லிப் பெயரை அடித்த நாகப்பட்டினத்துப் பெண்ணும் வாங்கினாள். வராண்டாவில் அந்த ஆயாம்மா டூட்டி முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தார். கடைசி பஸ் போய்விடுமே என்றேன்.

“எல்லாருக்கும் தர்றானான்னு பாத்துட்டுப் போறேம்மா.”

இப்போது இருக்கும் நிலை

ஆவணியில் சங்கம் பதிவானது. டபுள் டூட்டிக்கு முழு நாள் சம்பளம் கிடைத்தது. ஈ.எஸ்.ஐ. கார்டு வந்தது. ஆயாம்மாக்களுக்கு ஏழே முக்கால் மணிக்கு டூட்டி முடிகிறது. சம்பளம் நர்ஸுக்கு 1,200-உம் மற்றவர்களுக்கு 900-உம் ஏறியது. பரிந்துரைத்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. முதலில் நின்ற நான்கு நர்ஸ்களில் ஒருத்தியை ஐ.சி.யு.விலிருந்து ஓ.பி.க்கு மாற்றினார்கள், ஆறு வருட ஐ.சி.யு. அனுபவம் சீட்டுக் கொடுக்கும் வேலையில் வீணாகிறது. இன்னொருத்தி கையில் ஒரிஜினல் வந்த மறு மாதமே சவுதிக்குப் போய்விட்டாள். நானும் பிறகு வேறு இடத்துக்கு வந்துவிட்டேன். பூட்டு திறந்ததும் நர்ஸ்கள் கிளம்புவார்கள் என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருந்தால், அது பாதி சரியாகத்தான் போயிற்று.

இப்போது கேட்கிறவர்களுக்கு ஒன்று: 2025 நவம்பர் 21 முதல், மேலே சொன்ன இரண்டு சட்டங்களுக்கும் பதிலாகத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பதிவுக்கான 10 சதவீதம் அதிலும் உண்டு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருக்கும் இடத்தில் நிர்வாகத்தோடு தனியாகப் பேசும் உரிமை 51 சதவீதம் தொழிலாளர்களைக் காட்டுகிற சங்கத்துக்கு. எந்த நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. முக்கியமானது, முழுக்கவோ பெரும்பாலுமோ தரும காரியம் செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற சொல்லிலிருந்து அது விலக்கிவைத்திருக்கிறது. உங்கள் மருத்துவமனை போர்டில் டிரஸ்ட் என்று இருந்தால், மனு எழுதுவதற்கு முன் அதைப் பற்றி ஒரு தொழிலாளர் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். வார்டுக்கு எத்தனை பேர், அதில் யார் பதிந்தவர், யார் பதியாதவர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசி வரியில் ஆயாம்மாக்களை எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

தீராமல் கிடப்பது அந்த 31 பேர் விஷயம். பதியாதவர் ஊசி போடக் கூடாது என்பது நோயாளிக்கு நியாயம். அதற்காக அவர்களை வாசலுக்கு அனுப்புவது நியாயமில்லை. பன்னிரண்டாவது முடித்தவர்களை மருத்துவமனைச் செலவில் ஏ.என்.எம். படிக்க அனுப்ப வேண்டும், மற்றவர்களுக்கு ஊசி மருந்து சம்பந்தப்படாத வேலை தர வேண்டும் என்று சங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. நிர்வாகம் இன்னும் பதில் தரவில்லை. பதினேழாவது கையெழுத்துப் போட்டவள் பன்னிரண்டாவது முடித்தவள். அவள் பெயர் அந்தக் கடிதத்தில் முதலில் இருக்கிறது.